பட்டில் தீட்டிய டாலரைக் கழுவலாமா?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் சீனாவின் ஹாங்ஜோ நகருக்குப் போய்வந்தபோது ஒரு வட்ட டாலர் வாங்கி வந்திருக்கிறார். வெள்ளிச் சுற்று, கண்ணாடிக்குக் கீழே பட்டுத் துணியில் ஒரு தாமரை, அதன்மேல் ஒரு தும்பி. 'சீனப் பாரம்பரியக் கைவண்ணப் பட்டு, ஆயிரம் வருடக் கலை' என்று அட்டையில் போட்டிருந்ததாம். போன வாரம் மழையில் நனைந்ததில் ஓரமாகப் பழுப்பு வளையம் ஒன்று விழுந்துவிட்டது. இது நிஜமாகவே கையால் வரைந்ததா, தினமும் போடலாமா, கறையைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்காவதாக, ஏமாந்துவிட்டோமோ என்ற கவலையும் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. அவசரமானதை முதலில் சொல்கிறேன்: கழுவாதீர்கள். ஈரப் பஞ்சால்கூடத் தொட வேண்டாம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. நகைத் தொழில் என்னுடையது அல்ல. சிங்கப்பூரில், சீன ஓவியங்களுக்குப் பின்தாள் ஒட்டிச் சட்டம் போட்டுத் தரும் கடை ஒன்றில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். அதே காலத்தில் சூச்சோவிலிருந்து வந்து குடியேறிய ஓர் ஆசிரியையிடம் பட்டில் வரையக் கற்றுக்கொண்டேன். அவரை லாவ்ஷி என்போம், சீனத்தில் ஆசிரியருக்கு அதுதான் சொல். ஆகவே பட்டு, சாயம், பசை பற்றி நான் சொல்வதை நம்பலாம். வெள்ளியின் தரம், கல்லின் விலை என்று கேட்டால் பக்கத்துத் தெருப் பத்தர் என்னைவிட நன்றாகச் சொல்வார். அப்புறம், நீங்கள் போட்டிருக்கும் இரண்டு புகைப்படங்களும் கண்ணாடிக்கு மேலிருந்து எடுத்தவை. ஒன்றில் விளக்கு வெளிச்சம் பட்டுப் பாதிப் பூ மறைந்துவிட்டது. அவற்றை மட்டும் பார்த்து 'அசல்தான்' என்றோ 'போலி' என்றோ யாராவது அடித்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

அட்டையில் எழுதியிருப்பது பாதி உண்மை. சீனாவில் பட்டில் வரைவது ஆயிரம் வருடத்தைவிட மிகப் பழையது. ஹூனான் மாகாணத்தில் சாங்ஷா நகருக்குப் பக்கத்தில் மாவாங்துய் என்ற இடம் இருக்கிறது. அங்கே 1972இல் தோண்டிய கல்லறையில் சின் சுய் என்ற சீமாட்டியின் சவப்பெட்டிமேல் இரண்டு மீட்டருக்கும் கூடுதல் நீளமான பட்டுத் துணி ஒன்று விரித்திருந்தது. மேலே காகம் உட்கார்ந்திருக்கும் சூரியன், தேரை இருக்கும் பிறைச் சந்திரன், நடுவில் கோலூன்றி நிற்கும் அந்த அம்மாள், கீழே பாதாளம். 2,100 வருடத்துக்கும் மேல் ஆகிறது, சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. அது தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், கல்லறையைச் சுற்றிக் கரியும் வெண்களிமண்ணும் கெட்டியாக அடைத்து வெளிச்சமும் காற்றும் புகாமல் வைத்திருந்ததுதான். கழுத்தில் தொங்கும் பட்டுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டத்துக்குள் ஒரே ஒரு பூ என்ற உங்கள் டாலரின் அமைப்பு சோங் அரசர் காலத்து விசிறிகளிலிருந்து வருகிறது. 1100இல் அரியணை ஏறிய ஹுய்சோங் தானே ஓவியர். நாட்டைக் கோட்டைவிட்டாலும் அரண்மனை ஓவியச்சாலையை வளர்த்தவர். அவருக்குப் பிறகு வந்த தென் சோங் காலத்தில் பட்டு விசிறிக்கென்று வரைந்த சின்னச் சின்னப் படங்கள் உச்சத்தைத் தொட்டன. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் 'நீரிலிருந்து எழும் தாமரை' என்று ஒன்று இருக்கிறது. உயரம் 23.8 சென்டிமீட்டர், அகலம் 25.1. சாப்பாட்டுத் தட்டு அளவுதான். மலர்ந்த இளஞ்சிவப்புத் தாமரை ஒன்று, பின்னால் இலை, அவ்வளவே. கோடே தெரியாமல் நிறம் நிறத்துக்குள் கரைந்து இதழாகிறது. உங்கள் தும்பித் தாமரையை வரைந்தவர் பயிற்சி பெற்றவராக இருந்தால், இந்தப் படத்தை ஒரு முறையாவது பார்த்து நகல் எடுத்திருப்பார். எங்கள் லாவ்ஷியின் வகுப்பில் எல்லாரும் எடுத்தோம். என்னுடையது முட்டைக்கோஸ் மாதிரி வந்தது.

அட்டை சொல்லாத மறுபாதி இது: வரைந்த பட்டைச் சின்னதாக வெட்டிக் கண்ணாடிக்குக் கீழே வைத்து டாலராக்குவது இந்தக் காலப் பட்டறைகளின் யோசனை. பழைய சீன நகை என்றால் பொன், வெள்ளி, பெரும்பாலும் பச்சையாக இருக்கும் ஜேடு கல், முத்து, பவளம், மீன்கொத்தியின் நீல இறகை ஒட்டிச் செய்த தலையணிகள். பட்டு நகையாக மாறியது பெரும்பாலும் கூந்தலில்தான், அதுவும் பூவாக. நான்ஜிங்கில் இன்றும் செய்யும் ரோங்ஹுவா அந்த வகை. மெல்லிய செம்புக் கம்பியில் பட்டு இழைகளைப் பிடித்து முறுக்கி, கத்தரித்து, இதழாகத் தட்டையாக்கிக் கட்டுவார்கள். பெயரின் ஒலி 'செல்வமும் சிறப்பும்' என்ற சொல்லோடு ஒத்துப்போவதால் கல்யாணத்துக்கு ராசி. 2018இல் சிங் (Qing) வம்சத்து அரண்மனையை வைத்து வந்த ஒரு சீனத் தொலைக்காட்சித் தொடரில் நடிகைகள் இதைச் சூடியதும், மறந்துபோய்க் கொண்டிருந்த தொழிலுக்கு மறுபடி மவுசு வந்தது. ஆக, உங்கள் டாலரில் ஓவியம் பழைய மரபு, நகை புதுசு. இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். விற்பவர் இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் 'ஆயிரம் வருடம்' என்பதுதான் கொஞ்சம் ஓவர்.

சரி, கையால் வரைந்தது என்றால் என்ன நடந்திருக்க வேண்டும்? சாதாரணப் பட்டில் மை வைத்தால் பரவிவிடும். அதனால் மாட்டுத் தோலிலிருந்து காய்ச்சிய பசையையும் (நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்பது இதன் உறவுக்காரன்) படிகாரத்தையும் தண்ணீரில் கலந்து, இழுத்துக் கட்டிய பட்டின்மேல் மெல்லப் பூசுவார்கள். துணியின் கண்கள் அடைபட்டு, தண்ணீர் தாமரை இலையில் நிற்பதுபோல் நிற்கும். இப்படிப் பூசியதை ஓவியர்கள் 'வெந்த பட்டு' என்பார்கள், பூசாததைப் 'பச்சைப் பட்டு' என்பார்கள். நம் காஞ்சிபுரத்தில் பட்டை வேகவைத்துக் கோந்து நீக்குவோமே, அந்த வேக்காடு அல்ல இது. பழைய கையேடுகளில் கோடைக்கு ஏழு பங்கு பசைக்கு மூன்று பங்கு படிகாரம், குளிர்காலத்துக்குப் பத்துப் பங்கு பசைக்கு அதே மூன்று என்று கணக்கு இருக்கிறது. படிகாரம் கூடினால் பட்டு மொறமொறப்பாகி, உள்ளே அமிலம் சேர்ந்து, காலப்போக்கில் துணியே நொறுங்கும். குறைந்தால் நிறம் ஊறும்.

இந்தப் பட்டில் வரையும் நுணுக்கப் பாணிக்கு கோங்பி என்று பெயர். முதலில் மெல்லிய முடித் தூரிகையால் கோடு. சீனத்தில் இதை 'ஓநாய் முடி' என்பார்கள், உண்மையில் அது கீரி போன்ற ஒரு சின்ன விலங்கின் வால் முடி. எந்த ஓநாயும் இதற்காகத் தொந்தரவுபட்டதில்லை. கோடு காய்ந்ததும் நிறம். ஒரே கையில் இரண்டு தூரிகைகளைப் பிடித்துக்கொள்வோம், ஒன்றில் நிறம், மற்றதில் வெறும் தண்ணீர். இதழின் அடியில் நிறத்தை வைத்துவிட்டு, காய்வதற்குள் விரலைப் புரட்டித் தண்ணீர்த் தூரிகையால் நுனிவரை இழுத்துக் கரைக்க வேண்டும். காய்ந்ததும் மறுபடி. 'மூன்று படிகாரம், ஒன்பது நிறம்' என்று ஒரு சொலவடை உண்டு: சில பூச்சுகளுக்கு ஒரு முறை மேலே மெல்லிய படிகார நீர் தடவி நிறத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் அடுத்த பூச்சு. பட்டு ஒளி ஊடுருவும் துணி என்பதால் சில இடங்களில் பின்பக்கமாக வெள்ளையோ பச்சையோ பூசுவதும் உண்டு. முன்னால் பார்த்தால் இதழுக்கு உள்ளிருந்து வெளிச்சம் வருவதுபோல் இருக்கும். ஒரு ரூபாய் நாணய அளவுத் தாமரை என்றாலும் ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல இது, காய வைக்கிற நேரமே பாதி.

இப்போது உங்கள் டாலருக்கு வருவோம். நகைக்கடையில் கல் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கேட்டு வாங்குங்கள். தும்பியின் இறக்கையைப் பாருங்கள். அச்சடித்ததாக இருந்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பொடிப்பொடியாகத் தெரியும். சாம்பல் நிறம்கூட அந்தப் புள்ளிகளின் கூட்டமாகவே இருக்கும். கையால் வரைந்ததில் புள்ளி இருக்காது, நிறம் இழையோடு இழையாகப் படிந்து ஓரத்தில் மெல்ல மங்கும். அடுத்து தாமரைத் தண்டின் கோடு. தூரிகைக் கோட்டுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. 'ஆணித் தலை, எலி வால்' என்றே ஒரு கோட்டுக்குப் பெயர்: அழுத்தி ஆரம்பித்து, இழுத்துக்கொண்டே போய், மெலிந்து முடியும். அப்படி ஒரு மூச்சு தெரிந்தால் கை பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் நடுவில் ஒரு வகை இருக்கிறது: கோட்டை அச்சடித்துவிட்டு நிறத்தை மட்டும் கையால் பூசுவது. கடைக்கு வந்த விசிறிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதையும் 'கைவண்ணம்' என்றுதான் விற்பார்கள், வார்த்தைக்கு வார்த்தை பொய்யும் இல்லை. அதே கடையின் படங்களில் இதே தும்பி, இதே கோணத்தில், இதே இடத்தில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தால் உங்களுக்கே புரிந்துவிடும். ஒரே கை ஒரே படத்தை நூறு முறை வரைந்தாலும் இரண்டு தும்பிகள் அச்சாக ஒன்றாகாது.

ஒரு கிளைக் கதை, ஏனென்றால் கீழே பின்னூட்டத்தில் இரண்டு பேர் இதில் குழம்பியிருக்கிறார்கள். பட்டில் பிசின் போன்ற ஒன்றால் கோடு கட்டி, அதற்குள் திரவச் சாயத்தைப் பாயவிட்டு, ஆவியில் வேகவைத்து நிறத்தைப் பிடிக்கச் செய்யும் பட்டு ஓவியம் பிரான்ஸ் வழி வந்தது. துப்பட்டாக்களிலும் ஸ்கார்ஃபுகளிலும் பார்ப்பது அதுதான். அதில் சாயம் இழைக்குள்ளேயே போய்விடுவதால் துவைக்கலாம். சீன முறையில் நிறம் பசையின் தயவில் மேலே உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் 'பட்டுத்தானே, ஷாம்பூவில் அலசுங்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். இதே மாதிரி, சூச்சோவில் கெஸு என்ற நெசவுத் துண்டுகளையும் டாலராக்குகிறார்கள். நீளவாட்டு இழையான பாவு முழுதாக ஓடும், குறுக்கு இழையான ஊடை அந்தந்த நிறத்தின் எல்லையோடு திரும்பிவிடும். படம் நெசவிலேயே இருக்கும். ஆனால் சிங் காலத்திலிருந்தே கெஸுவில் முகம், இறகு போன்ற பொடி வேலைகளைத் தூரிகையால் தொட்டு முடிக்கும் வழக்கமும் உண்டு. அதனால் நெசவு தெரிந்தாலும் ஈரம் ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கும் பட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது அடுத்த விஷயம். உங்கள் கறைக்கான விடை அங்கேதான். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஆறு வருடத்துக்கு முன் சித்தி மகள் கல்யாணத்துக்கு ஒரு ஜோடிக் காதணி செய்து தரலாம் என்று, பட்டில் ஊமைத் தங்க நிறப் பின்னணியில் வெள்ளைப் பிளம் பூ வரைந்தேன். பத்து நாள் வேலை. வெளிச்சத்தில் இறுகும் பிசினை மேலே ஊற்றினேன். ஒரு நிமிடத்தில் வெள்ளைப் பூ காணாமல் போய், அடியில் இருந்த உலோகத் தகடு தெரிந்தது. மந்திரம் ஒன்றும் இல்லை. பட்டு வெண்மையாகத் தெரிவதே இழைக்கும் நடுவிலுள்ள காற்றுக்கும் இடையே வெளிச்சம் சிதறுவதால்தான். பட்டு, பிசின், கண்ணாடி மூன்றும் வெளிச்சத்தை வளைக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றே, 1.5 சொச்சம். காற்று இருந்த இடத்தில் பிசின் புகுந்ததும் சிதற ஒன்றும் இல்லை, துணி நனைந்த வேட்டி மாதிரி ஆகிவிடுகிறது. மேலே வெள்ளை ஈயத்தைக் கனமாகப் பூசியிருந்தால் கொஞ்சம் தாங்கும். நான் பூசியது மெல்லிய பூச்சு. கல்யாணத்துக்குக் கடையில் வாங்கிய ஜிமிக்கிதான் போனது.

இதனால் கவனமான பட்டறைகள் பிசினை ஊற்றுவதில்லை. வரைந்த பட்டுக்குப் பின்னால் சுவான் என்ற மெல்லிய சீன ஓவியத் தாளைக் கோதுமை மாவிலிருந்து எடுத்த மாவுச்சத்துப் பசையால் ஒட்டுவார்கள். மைதாப் பசை அல்ல, அதில் புரதம் இருப்பதால் பூச்சி வரும். அப்புறம் கண்ணாடியைத் தொடாமல் ஒரு மயிரிழை இடைவெளி விட்டு, விளிம்பை மடக்கி மூடுவார்கள். படம் அழகாக இருக்கும், பிற்காலத்தில் பிரித்துச் சரிசெய்யவும் முடியும். ஒரே ஒரு குறை, தண்ணீர் புகும். உங்கள் டாலரில் மழை புகுந்து வளையம் விழுந்திருக்கிறது என்றால், அது பிசினில் தோய்த்த துண்டு அல்ல என்பது கிட்டத்தட்ட நிச்சயம். ஒரு விதத்தில் அந்தக் கறை நல்ல சான்றிதழ். அச்சா கையா என்பதை அது சொல்லாது, ஆனால் உள்ளே நிஜத் துணி இருக்கிறது, அதைக் கட்டியவருக்கு வேலை தெரிந்திருக்கிறது என்று சொல்கிறது.

வளையம் விழுவது எப்படி என்றால், உள்ளே வந்த தண்ணீர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊறுகிறது. போகிற வழியில் பசை, படிகாரம், தூசி எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தள்ளிக்கொண்டு போய், எந்த இடத்தில் காய்கிறதோ அங்கே கொட்டிவிடுகிறது. காப்பி டம்ளர் மேஜையில் விடும் வட்டம் மாதிரி. மறுபடி ஈரம் பட்டால் இந்த வளையம் போகாது, இன்னும் உள்ளே இரண்டாவது வளையம் விழும். சோப்பு அதைவிட மோசம். பட்டு ஒரு புரதம், காரம் அதற்கு ஆகாது. பசையும் புரதம்தான், அதை விட்டுவிட்டு நிறம் கழன்று வந்துவிடும்.

தினமும் போடலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான். இது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அருங்காட்சியகங்களில் பட்டோவியத்துக்கு அனுமதிக்கும் வெளிச்சம் 50 லக்ஸ் அளவில் இருக்கும், அதனால்தான் அந்த அறைகள் அவ்வளவு இருட்டு. நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். கணக்குப் போட்டால், ஒரு மணி நேரம் வெயிலில் நடப்பது, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வீதம் 250 நாள் அருங்காட்சியகத்தில் தொங்குவதற்குச் சமம். எல்லா நிறமும் ஒரே வேகத்தில் போகாது. கறுப்பு மை கரிப்புகையால் ஆனது, அதற்கு ஒன்றும் ஆகாது. கல்லை அரைத்துச் செய்த நீலமும் பச்சையும் உறுதியானவை. மரப்பிசினிலிருந்து வரும் மஞ்சளும், பூவிலிருந்தும் பூச்சியிலிருந்தும் எடுக்கும் இளஞ்சிவப்புகளும்தான் முதலில் வெளுக்கும். தாமரை இதழுக்கு எந்தச் சிவப்பு போட்டார்கள் என்பது பார்வையில் தெரியாது. இந்தக் காலத்துக் குழாய்ச் சாயமாக இருந்தால் இன்னும் தாங்கலாம். ஆகவே மாலை நேர விசேஷங்களுக்குப் போடுங்கள். சென்ட் அடித்து, பவுடர் போட்டு, எல்லாம் காய்ந்த பிறகு கடைசியாகப் போட்டு, வந்ததும் முதலில் கழற்றுங்கள். வியர்வை படாமல் இருக்க ரவிக்கைக்கு மேலே தொங்கும் அளவுக்குச் சங்கிலி நீளமாக இருந்தால் நல்லது.

இப்போது இருக்கும் ஈரத்துக்கு ஒரு வழி. டாலரை ஒரு மூடும் டப்பாவில், மருந்துப் புட்டிகளில் வருகிற சிலிகா பொட்டலங்கள் இரண்டு மூன்றோடு, நிழலில் ஒரு வாரம் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், வேகமாகக் காய்ந்தால் பட்டு சுருங்கிப் பின்தாளை விட்டு எழும்பிவிடும். ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியின் உட்புறம் பனித்திருந்தாலோ, சாம்பல் நிறப் பொட்டுகள் தெரிந்தாலோ பூஞ்சை வருகிறது என்று அர்த்தம், அப்போது பிரித்தே ஆக வேண்டும். அதற்குப் பத்தரிடம் போனால் மூன்று விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: உள்ளே இருப்பது துணி, தீயால் சூடாக்கி உலோகத்தை ஒட்டவைக்கக் கூடாது, அதிர்வுத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்யக் கூடாது. விளிம்பை மட்டும் நிமிர்த்திக் கண்ணாடியைத் தனியாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிரித்ததும் பட்டின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். பின்தாள் ஒட்டாமல் விட்டிருந்தால், இதழுக்குப் பின்னால் வெள்ளை பூசியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பூசியிருந்தால் கடைக்காரர் அட்டையில் எழுதியதைப் பற்றி நான் மேலே முணுமுணுத்ததில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.